மூடிக்குள் இருந்த பொட்டு

அந்தச் சின்னக் கார் என் பட்டறைக்கு மூன்று முறை வந்தது. மூன்று முறையும் நல்ல பிள்ளையாக வந்து நின்றது. முன்னால் ஹேண்டிலை மாட்டி ஒரு சுற்றுதான் சுற்றினேன், உடனே பிடித்துக்கொண்டது. நாலு சிலிண்டரும் வரிசை தவறாமல் அடித்தன. "இந்த வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை" என்று மூன்று முறையும் சொல்லி அனுப்பினேன். மூன்றாவது முறை சொல்லி அனுப்பிய மறுநாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே கன்னத்தில் அறைந்தார்கள்.

வலியைவிட எனக்கு அதிர்ச்சிதான் அதிகம். நாற்பத்தொரு வயதுவரை என் வேலையைக் குறை சொல்லி ஒருவனும் என்னைத் தொட்டதில்லை. மலாக்காவில் எஞ்சின் என்றால் கலியாணசுந்தரம்தான் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சில் பாதியை நானே பேசியிருப்பேன், அது வேறு விஷயம்.

அறைந்தவன் ஒகாடா. ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்த சமயம். சயாமில் போடுகிற ரயில் பாதைக்கு ஆள் சேர்ப்பது ஒகாடாவின் வேலை. சேர்ப்பது என்று காகிதத்தில் எழுதுவார்கள். விடிகிற நேரத்தில் லோரியைக் கொண்டுவந்து நிறுத்தி, கையில் அகப்பட்டவனை ஏற்றிக்கொண்டு போவதுதான் நடந்தது. போனவர்களில் ஒருவனும் ஒரு வரி எழுதிப் போட்டதில்லை. காஜா பேராங் சாலையில், ஊரைவிட்டு ஓடிப்போன ஒரு டாக்டரின் பங்களாவில் ஒகாடா குடியிருந்தான். காரும் அந்த டாக்டருடையதுதான்.

பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவர் தம்பிராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக்காரன் காலத்தில் கிளார்க்காக இருந்தவர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"சில நாள் காலமை வண்டி ஒரே சுத்தில எழும்புதாம். சில நாள் பத்து நிமிஷம் இருமுதாம், வெடிக்குதாம். சூடான பிறகு ஒண்டுமில்லையாம். ஆரோ வேணுமெண்டு செய்யினம் எண்டு தொரை நினைக்கிறார். ஒண்டு டிரைவர், இல்லாட்டி நீர். சனிக்கிழமைக்குள்ள கண்டுபிடியும். இல்லையெண்டா ரெண்டு பேரும் சயாம்."

வேறு ஒருவனாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பான். என் வாய் சும்மா இருக்குமா?

"கண்டுபிடிச்சா எனக்கு என்னன்னு கேளுங்க" என்றேன்.

தம்பிராஜா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். கேட்கவும் செய்தார். ஒகாடா சிரித்தான். என்ன வேண்டும் என்றான். என்னிடம் மெக்கானிக் என்று முத்திரை போட்ட வேலைச் சீட்டு இருந்தது, அதைக் காட்டினால் லோரியில் ஏற்றமாட்டார்கள். என் தம்பி கணேசமூர்த்தியிடம் அது இல்லை. அவனுக்கு ஒன்று வேண்டும் என்றேன். கார் ஒரு வாரம் இருமாமல் ஓடினால் சீட்டு தருகிறேன் என்று ஒகாடா சொன்னான்.

கன்னம் எரிய எரிய, நான் சந்தோஷமாகத்தான் வெளியே வந்தேன். எனக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். இருபத்துநாலு வயது. தோட்டத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான், தோட்டம் மூடிய பிறகு காஜா பேராங்கில் செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியேறி, மரவள்ளிக் கிழங்கு போட்டுப் பிழைத்தான். பலமுள்ளவன், சீட்டில்லாதவன், தமிழன். ஒகாடா தேடுகிற ஆள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தான்.

நேரே அவனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கிழங்குப் பாத்தியில் நின்றவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். அவன் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை.

"அந்தக் காரு இருமிட்டுப் போவட்டும்ணே. அதைப் போயி எதுக்கு நோண்டறீங்க."

"கிறுக்குப் பயலே, ஒனக்குத்தான்டா சீட்டு."

"சீட்டு வேணாம்ணே. பெட்ரோல் சரியில்லன்னு சொல்லிட்டு வந்துருங்க."

"பெட்ரோல் சரியாத்தான்டா இருக்கு. நான் பார்த்துட்டேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாசலில் நின்ற அவன் மனைவி விஜயா தலையை லேசாக அசைத்தாள். அவன் நிறுத்திக்கொண்டான். எனக்காகப் பயப்படுகிறான் என்று நினைத்தேன். என் வேலையில் நம்பிக்கை இல்லாமல் பேசுகிறான் என்றும் நினைத்தேன். அந்த இரண்டாவது நினைப்பு வந்ததும் கோபம் தலைக்கேறிவிட்டது. "சனிக்கிழமை பாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு ஆறு மாதம் முன்னால், சேதுராமன் என்ற சிநேகிதன் வீட்டுக் கோழிக்கூண்டுக்கு அடியில் இரண்டு மூட்டை அரிசி புதைத்து வைத்திருந்தான். எனக்கு மட்டும் சொன்னான். நான் கோப்பிக்கடையில் உட்கார்ந்து, நம்ம சேது கெட்டிக்காரன், அவனுக்கு மூன்று மாதம் கவலையில்லை என்று பெருமையாகப் பேசினேன். மறுநாள் சிப்பாய்கள் வந்து கோழிக்கூண்டைத் தோண்டினார்கள். சேதுராமனை எட்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். நான் காட்டிக்கொடுக்கவில்லை. பேசினேன், அவ்வளவுதான். ஊருக்கு இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

காருக்கு வருகிறேன்.

முதலில் பெட்ரோல். அந்த நாளில் பாதி வண்டிகளுக்கு நோய் அதுதான், ரப்பரைக் காய்ச்சி வடித்த சாராயத்தைத்தான் பெட்ரோல் என்று ஊற்றினார்கள். ஆனால் அதிகாரியின் காருக்கு நல்ல சரக்கு. கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிளக்குகளைக் கழற்றித் துடைத்து இடைவெளி அளந்தேன், சரி. காயில், ஒயர்கள், பாயிண்ட் எல்லாம் சரி. சோக் ஒழுங்காக மூடித் திறந்தது. இரண்டு நாள் போய்விட்டது.

எந்தெந்த நாளில் இருமியது என்று டிரைவரைக் கேட்டேன். அவர் பெயர் தெய்வநாயகம், மலாக்காச் செட்டி. செட்டிகள் நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள், நம்மைவிட ஒரு விரல் அதிகமாகவே விபூதி பூசுவார்கள், தமிழ் மட்டும் வராது. வீட்டில் பேசுவது அவர்களுடைய மலாய். நானும் அவரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். மெலிந்த ஆள், சத்தமில்லாதவர். என் கேள்விக்கு ஞாபகமில்லை என்றார். இவர் ஒரு டிரைவரா என்று மனதுக்குள் திட்டிவிட்டு, பங்களாச் சமையல்காரனைக் கேட்டேன். அவன் மடமடவென்று சொன்னான். அந்த மாதத்தில் ஏழு நாள். பட்டறைச் சுவரில் கரித்துண்டால் தேதிகளை எழுதி, பக்கத்தில் மழை பெய்த நாட்களையும் எழுதினேன். ஈரத்தால் என்றால் மழை நாளில்தான் இருமியிருக்க வேண்டும். இல்லை. கொட்டித் தீர்த்த இரவுக்கு அடுத்த காலையில் ஒரே சுற்றில் எழுந்திருக்கிறது. காய்ந்து கிடந்த நாளில் பத்து நிமிஷம் இருமியிருக்கிறது. செவ்வாய், பிறகு வெள்ளி, அடுத்த வாரம் வியாழன் மட்டும். ஒரு கணக்கும் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் என் முட்டாள்தனம் புரிந்தது. கார் என்னிடம் எப்போது வருகிறது? இருமி முடித்து, சூடாகி, தெங்கேராவில் இருக்கிற என் பட்டறை வரை ஓடி வந்த பிறகு. நோய் தீர்ந்த பிறகு நோயாளியைப் பார்க்கிறேன். யாரும் கை வைப்பதற்கு முன்னால், குளிர்ந்து கிடக்கிற எஞ்சினை அது நிற்கிற இடத்திலேயே திறந்து பார்க்க வேண்டும். தம்பிராஜாவிடம் சொன்னேன். ஒகாடா அனுமதித்தான், தம்பிராஜாவும் சாட்சியாகக் கூட இருக்க வேண்டும் என்றான்.

வெள்ளிக்கிழமை காலை டோக்கியோ மணி ஏழு. ஜப்பான்காரன் மணியை மாற்றினான், சூரியனை மாற்ற முடியவில்லை, வெளியே இருட்டு. பங்களாவுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. தம்பிராஜா கொட்டாவி விட்டுக்கொண்டு டோர்ச் பிடித்தார். பானெட்டைத் தூக்கினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை இரண்டு கவ்விகள்தான் பிடித்துக்கொண்டிருக்கும், ஸ்பானர் வேண்டாம், விரலே போதும். மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் பங்கிட்டுக் கொடுக்கிற இடம் அது. கவ்விகளைத் தள்ளி மூடியைத் திருப்பிப் பார்த்தேன்.

உள்ளே இரண்டு பித்தளைக் கால்களுக்கு நடுவில் கறுப்பாக ஒரு தீற்று. அடியில் ஒல்லியாகவும் மேலே பருத்தும் இருந்தது. விரலால் தொட்டேன், ஒட்டிக்கொண்டது. முகர்ந்தேன், விளக்கெண்ணெய். கோயில் விளக்கு மை.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். தம்பிராஜா பயந்து டோர்ச்சை நழுவவிட்டார்.

என் பட்டறைக்கு எந்த வண்டி வந்தாலும் முன்பக்கத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்துத்தான் அனுப்புவேன், கண்ணேறு படாமல் இருக்க. எல்லோரும் வெளியில் வைப்பார்கள். இந்தச் செட்டி மனுஷன் பக்தி முற்றி, எஞ்சினின் வயிற்றுக்குள்ளேயே வைத்துவிட்டார். விளக்கு மை என்றால் கரி. கரியில் மின்சாரம் ஓடும். இரண்டாம் பிளக்குக்குப் போக வேண்டியது நாலாவதுக்குத் தாவும், பெட்ரோல் எரியாமல் புகைக்குழாய்க்குப் போய் அங்கே வெடிக்கும். பத்து நிமிஷத்தில் பொறி பட்டுப் பட்டு மை எரிந்து போகும், வண்டி சரியாகிவிடும், ஒரு தடயமும் இருக்காது. என்னிடம் வரும்போது நல்ல பிள்ளை.

தம்பிராஜாவுக்கு நிரூபித்துக் காட்டினேன். மூடியை அப்படியே மாட்டிச் சுற்றினேன். இருமியது. படீரென்று இரண்டு வெடி. காஜா பேராங் முழுவதும் கேட்டிருக்கும். நிறுத்தித் துடைத்துவிட்டுச் சுற்றினேன். ஒரே சுற்று. பட்டறையிலிருந்து கொண்டுபோன கரியைத் தேய்த்துச் சுற்றினேன். மறுபடி இருமல், மறுபடி வெடி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அப்போது கொட்டகை வாசலில் தெய்வநாயகம் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. அவருக்குப் பின்னால் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஒகாடா. தெய்வநாயகத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திருட்டுத்தனமாகப் பொட்டு வைத்ததற்கா இவ்வளவு பயம் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"மனுஷன் சாமிப் பைத்தியம். வண்டிக்குக் கண்ணு பட்டுரும்னு உள்ள பொட்டு வச்சிருக்காரு. வேணும்னு ஒண்ணும் இல்ல, அறிவில்லாம செஞ்சது. தொரைகிட்ட சொல்லுங்க" என்றேன் தம்பிராஜாவிடம்.

தம்பிராஜா அதை ஜப்பானிய மொழியில் சொன்னார், தெய்வநாயகத்துக்கு மலாயிலும் சொன்னார். ஒகாடா மூடியை வாங்கிப் பார்த்தான், என் கறுத்த விரலைப் பார்த்தான், தெய்வநாயகத்தின் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தான். பிறகு ஒகாடா சிரித்தான். தெய்வநாயகத்துக்கு இரண்டு அறை கொடுத்தான், அவ்வளவுதான். தெய்வநாயகம் குனிந்து வணங்கினார். ஆமாம், சாமிக்காகத்தான், இனிமேல் செய்யமாட்டேன் என்று மலாயில் சொன்னார்.

அன்றைக்கே தகரத்தை வெட்டி, அந்த மூடிக்கு மேல் ஒரு கவசம் செய்து, பூட்டுப் போட்டேன். ஒருவரும் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன். என் வேலையில் மறுபடி யாரும் பொட்டு வைக்கக்கூடாது என்ற திமிர். சாவியை நானே வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று ஒகாடா சொன்னான். பூட்டை மாட்டும்போது தெய்வநாயகம் பக்கத்திலேயே நின்றார்.

"ஜாங்கான், அபாங்" என்றார் மெதுவாக. வேண்டாம் அண்ணே என்று அர்த்தம்.

"ஜாங்கானாவது ஒண்ணாவது. ஒம் பொட்டால எந் தலை போயிருக்கும்" என்று மலாயில் கத்தினேன்.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று காலையிலும் போய் நின்று பார்த்தேன். ஒரே சுற்று. கோப்பிக்கடையில் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. சிரித்தவர்கள் உண்டு. சிலர் சிரிக்காமல் எழுந்து போனார்கள், பொறாமை என்று நினைத்தேன். தம்பியிடம் போய், அடுத்த சனிக்கிழமை சீட்டு வந்துவிடும் என்று சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பூட்டிட்டீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்று சாவியைக் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலையும் போனேன். அன்றைக்குச் சாலை ஓரத்தில் ஒரு லோரி விளக்கை அணைத்து நின்றது. உள்ளே சிப்பாய்கள். எங்கேயோ ஆள் பிடிக்கப் போகிறார்கள் என்று புரிந்தது. எங்கே என்று நான் யோசிக்கவில்லை. ஒகாடா தொப்பி மாட்டிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றான். தெய்வநாயகம் ஹேண்டிலைப் பிடித்துக் குனிந்தவர் சுற்றாமலே நின்றார். ஒகாடா அதட்டினான். தெய்வநாயகம் மெல்ல, குழந்தையை எழுப்பாமல் நகர்த்துகிறவர் மாதிரி சுற்றினார். சுற்று முடிவதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு இருமல் இல்லை. அத்தனை அமைதியாக அந்த வண்டி எழுந்து நான் கேட்டதில்லை. ஒகாடா என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நானும் பல்லைக் காட்டினேன்.

தெய்வநாயகம் ஏறி உட்கார்வதற்கு முன் என்னைப் பார்த்தார். "சுடா, அபாங்" என்றார். முடிந்தது அண்ணே. வேலை முடிந்தது என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

கார் புறப்பட்டது. லோரி பின்னால் போனது. இருநூறு கஜம்கூடப் போகவில்லை. செட்டிக் கம்பத்தைத் தாண்டி, என் தம்பி குடியிருக்கிற சந்துக்குள் திரும்பியது.

ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. பதினோரு பேர். ஒருவர் வாயில் சாம்பலும் கையில் பல் விளக்கிய குச்சியுமாக நின்றார். ஒருவர் கோவணத்தோடு. ஒருவரும் ஓடவில்லை, ஓடுவதற்கு நேரமே கிடைக்கவில்லை. கணேசமூர்த்தி பனியனோடு லோரியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் சீட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, அவன் என் தம்பி, என் தம்பி என்று எல்லாப் பாஷையிலும் கத்தினேன். துப்பாக்கிக் கட்டையால் ஒருவன் நெஞ்சில் குத்தினான், விழுந்தேன். காரைத் தேடினேன். ஒகாடாவின் கார் அதற்குள் சந்தைவிட்டுப் போயிருந்தது.

லோரி நகரும்போது தம்பி என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. ஒன்றும் விளங்காதவன் மாதிரி பார்த்தான்.

"காரு இருமலையேண்ணே" என்றான்.

மண்ணில் உட்கார்ந்தபடியே இருந்தேன். விஜயா வந்து பக்கத்தில் நின்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கும் அழுகை வந்திருக்கும்.

"ஆள் பிடிக்கப் போற நாளுக்கு மட்டுந்தான் மாமா அந்தக் காரு இருமும். முத நாள் சாயங்காலம் டிரைவருக்கு உத்தரவு வந்துரும். அவரு மை வச்சிருவாரு. காலையில வெடிச் சத்தம் கேட்டதும் ஆம்பளைங்க எல்லாம் ஆத்தோரம் நிப்பாக் காட்டுக்குள்ள போயிருவாங்க. ஒருத்தர் சைக்கிள்ல உஜோங் பாசிருக்குப் போயி அங்கயும் சொல்லிருவாரு. நாலு மாசமா ஒருத்தரையும் பிடிக்கல. போன வெள்ளிக்கிழமகூட லோரி காலியாத்தான் திரும்புச்சி."

வெள்ளிக்கிழமை. நான் நிரூபிப்பதற்காக இரண்டு முறை வெடிக்க வைத்த நாள்.

"எனக்கு ஏம்மா சொல்லல?"



"அவரு சொல்றேன்னுதான் சொன்னாரு. நாந்தான் வேணாம்னேன். ஒங்ககிட்ட எப்படி மாமா சொல்றது?"

பட்டறைக்குத் திரும்பியபோது சுவரில் அந்தத் தேதிகள் இருந்தன. ஏழு நாள். மழை பெய்ததா என்று பார்த்தேன், காய்ந்து கிடந்ததா என்று பார்த்தேன், எந்தக் கிழமை என்று பார்த்தேன். அன்றைக்கு அந்தக் கார் எதற்காகப் போனது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மை என்று கண்டுபிடித்தேன். கரியில் மின்சாரம் ஓடும் என்று கண்டுபிடித்தேன். அவ்வளவு கண்டுபிடித்த மூளை அதோடு நின்றுவிட்டது.

அன்று மாலை தெய்வநாயகத்தின் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை வெட்டினாலும் நின்று வாங்கிக்கொள்வது என்றுதான் போனேன். அவர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். தன் மலாயில் சொன்னார்.

"பொட்டு என்று நீ சொன்னாய். அதனால்தான் என் கழுத்து இன்னும் இருக்கிறது. உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், அபாங். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் திருப்பி என் கையிலேயே வைத்து மூடினார். சாவி அவரிடம் இருந்தால் இந்த முறை பொட்டு என்று சொன்னால் ஒருவனும் நம்பமாட்டான் என்றார். அது உண்மைதான். அந்த மூடியைத் திறக்க உரிமை உள்ளவன் ஊரில் ஒரே ஒருவன்தான் இருந்தான்.

சொன்ன சொல் தவறாமல் சனிக்கிழமை சீட்டு வந்தது. தம்பிராஜாதான் கொண்டுவந்தார். முத்திரை, தேதி, கணேசமூர்த்தி என்று பெயர், எல்லாம் சரியாக இருந்தன. அதை எடுத்துக்கொண்டு தம்பின் ரயில் நிலையம் வரை சைக்கிளில் மிதித்தேன். மலாக்காவில் பிடித்தவர்களை அங்கே கொண்டுபோய்த்தான் ரயில் ஏற்றுவார்கள். ரயில் வியாழக்கிழமையே போய்விட்டது என்றார்கள்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் தெய்வநாயகம் பட்டறைப் பக்கமாக நடந்து போனார். நிற்கவில்லை. வண்டிக்கு எண்ணெய் குறைவாக இருக்கிறது, வந்து பார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எண்ணெய் முந்தின நாள்தான் ஊற்றியிருந்தேன். எழுந்து விஜயாவின் வீட்டுக்குப் போனேன். சாமி படத்துக்கு முன்னால் அவள் விளக்கு ஏற்றி வைத்திருந்தாள், அவன் போன நாளிலிருந்து அணையவிடுவதில்லை. விளக்குக்கு மேல் ஓட்டுச் சில்லைப் பிடித்தேன். என்ன செய்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. சில்லு கறுத்ததும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் கார் பன்னிரண்டு நிமிஷம் இருமியது. எட்டு மணிக்கெல்லாம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பூட்டைத் திறந்து மூடியைக் கழற்றி ஒகாடாவுக்குக் காட்டினேன். மை எரிந்து போய், சுத்தமாக இருந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தேன், தலையைச் சொறிந்தேன். தம்பிராஜா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"பெட்ரோல் சரியில்ல" என்றேன்.

தம்பிராஜா, நான் சொன்னதைவிட நீளமாக ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். ஒகாடா என்னை நாலு அறை அறைந்தான். அன்றைக்கு லோரி காலியாகத் திரும்பியது.

ஜப்பான்காரன் போகிற வரைக்கும் அந்தக் காருக்கு நான்தான் மெக்கானிக். எத்தனை முறை பெட்ரோலைக் குறை சொன்னேன், எத்தனை அறை வாங்கினேன் என்று ஞாபகமில்லை. ஒன்றைக்கூடக் கோப்பிக்கடையில் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் வெடிச் சத்தம் கேட்டதும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து நிமிஷத்தை எண்ணுவேன். ஒருவன் பாயைச் சுருட்டிவிட்டுச் சந்தைக் கடந்து நிப்பாக் காட்டுக்குள் நுழைய ஐந்து நிமிஷம் போதும். என் தம்பி வேகமாக ஓடுவான், அவனுக்கு மூன்றே போதும்.